பூனை கேட்டால் கீரி

பாளையங்கோட்டை
6 ஜூலை 2025

மரியே வாழ்க

அன்புத் தங்கை ஜாய்சிக்கு அக்கா கிரேஸி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. உன் அத்தானுக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. புன்னைக்காயலில் உங்கள் சுகத்துக்கு எழுது.

கவரைப் பார்த்ததும் கிழித்துவிடாதே, முழுதாகப் படி. போன கல்லறைத் திருநாளில் சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் உன் வீட்டுக்காரனைப் பற்றி நாலு வார்த்தை சொன்னேன். "பொண்டாட்டி நண்டுக் கம்பெனியில ஓடு உடைக்கா, இவன் கரையில உக்காந்து காத்து வாங்குதான், சோம்பேறிப் பய" என்றேன். சொல்லவில்லை என்று இப்போது மழுப்பப் போவதில்லை. நீ அம்மா கல்லறையில் கையை வைத்து, "இனி உன்கிட்ட வாய் தொறந்து பேசினா நான் இருதயமேரி மகளில்ல" என்று சத்தியம் செய்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டாய். போனிலும் என் நம்பரைத் தடுத்து வைத்துவிட்டாய். சரி, வாய் திறக்க மாட்டேன் என்றுதானே சத்தியம்? பேனா திறக்க மாட்டேன் என்று சொல்லவில்லையே. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். கொச்சியில் ஒரு கடைக்கு, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடக் குரோஷாவில் பின்னிய சின்னச் சின்னப் பூனைகள் வேண்டுமாம். நட்சத்திரமும் மணியும் எல்லோரும் செய்கிறார்களாம், இந்த வருஷம் தொப்பி போட்ட பூனைதான் ஓடுகிறதாம். என் தையல் கடைப் பெண்கள் பாதியைச் செய்கிறார்கள். மீதியை நீ எடுத்துக்கொண்டால் நண்டு ஓட்டில் கையைக் கிழித்துக்கொள்ளாமல் வீட்டிலேயே இருக்கலாம்.

வெள்ளை நூலில் வளையம் போட்டு ஆரம்பி. தலை முதல் வால் வரை எல்லாச் சுற்றும் டபுள் பின்னல். பாதியில் பஞ்சு அடை. காதுகளைத் தனியாகப் பின்னித் தை. சிவப்பு நூலில் தொப்பி, கறுப்பு நூலில் மீசை. முடிந்த பூனை உள்ளங்கைக்குள் உட்கார வேண்டும். பள்ளிக்கூடத்தில் உன் கைக்குட்டை ஓரத்தையெல்லாம் நான்தான் பின்னிக் கொடுத்தேன் என்பது எனக்கு மறக்கவில்லை. பரவாயில்லை, முயற்சி செய். நூலும் ஊசியும் பார்சலில் இருக்கின்றன.

அபிஷாவுக்கு வரன் அமைந்திருக்கிறது. ஜனவரியில் கல்யாணம் வைக்கலாம் என்று பேச்சு. சித்தி வராவிட்டால் கோயிலுக்குள் கால் வைக்க மாட்டேன் என்கிறாள். நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

உன் வீட்டுக்காரன் சுகமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு
உன் அக்கா கிரேஸி

*

புன்னைக்காயல்
22 ஜூலை 2025

அக்கா கிரேஸிக்கு ஜாய்சி எழுதுவது. இங்கே இருவரும் நலம். அத்தானை மாம்பழம் பக்கம் விடாதே.

கடிதம் எழுதுவது பேச்சில் சேருமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். சேராது என்று எடுத்துக்கொண்டேன். அதனால்தான் இந்தப் பதில்.

மூன்று பூனைகள் மாதிரிக்கு அனுப்பியிருக்கிறேன். நீ எழுதியபடியேதான் இருக்கின்றன. டபுள் எப்படிப் போடுவது என்று போனில் வீடியோ பார்த்தோம். சரியில்லை என்றால் எழுது.

அபிஷாவுக்கு என் முத்தம்.

அவர் சுகமாக இருக்கிறார். "அவன்" இல்லை, "அவர்".

ஜாய்சி

*

பாளையங்கோட்டை
30 ஜூலை 2025

மரியே வாழ்க

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது. நலம், நலமே விழைகிறேன்.

பூனை கேட்டால் கீரி அனுப்பியிருக்கிறாய். நீளக் கழுத்து, நீள உடம்பு, பின்னல் முழுக்க ஓட்டை, வயிற்றில் பஞ்சு எட்டிப் பார்க்கிறது. கடைப் பெண்கள் சிரித்துச் சிரித்து ஒருத்திக்கு விக்கலே எடுத்துவிட்டது. ஒரு கீரியை அபிஷா தன் அலமாரியில் வைத்துக்கொண்டாள், தரமாட்டேன் என்கிறாள்.

எங்கே தப்பு என்று உட்கார்ந்து பிரித்துப் பார்த்ததில் தெரிந்துவிட்டது. வீடியோக்காரர்கள் டபுள் என்பது வேறு. நம் பள்ளிக்கூடத்துத் தையல் சிஸ்டர் சீமைக்காரர்களிடம் படித்தவர். அவர் டபுள் என்று சொல்லிக்கொடுத்த குட்டைப் பின்னலை வீடியோவில் சிங்கிள் என்கிறார்கள். அவர்களுடைய டபுள் நெட்டை. பெயர் ஒன்று, பின்னல் இரண்டு. நம்மோடு படித்த எவளுக்கும் இது குழம்பாது, ஸ்கேலால் அடி வாங்கிப் படித்த டபுள் அல்லவா? உனக்கு எப்படி மறந்தது?

இனி வீடியோவில் சிங்கிள் என்பதைப் போடு. இறுக்கிப் போடு.

"பார்த்தோம்" என்று எழுதியிருக்கிறாய். யாரோடு பார்த்தாய்?

அக்கா கிரேஸி

*

புன்னைக்காயல்
24 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு ஜாய்சி எழுதுவது. நலம். இங்கே வாடைக் காற்று இன்னும் வரவில்லை, வெயில்தான்.

டபுள் மறந்துவிட்டது. படித்து எவ்வளவு காலம் ஆயிற்று. "பார்த்தேன்" என்பது "பார்த்தோம்" என்று விழுந்துவிட்டது. ஓடு கீறின விரலில் பேனா ஒழுங்காக நிற்பதில்லை.

புதிய பூனைகள் பார்சலில் இருக்கின்றன. பார்த்து எழுது.

ஜாய்சி

*

பாளையங்கோட்டை
1 செப்டம்பர் 2025

மரியே வாழ்க

அன்புத் தங்கை ஜாய்சிக்கு அக்கா எழுதுவது. எங்கள் சுகத்தில் குறைவில்லை. உன் விரல் எப்படி இருக்கிறது? தேங்காய் எண்ணெய் தடவு.

பார்சலைப் பிரித்து ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் ஒரே இழுப்பு. நூலை எங்கே முடித்தாய் என்று கண்ணாடி போட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. காது விறைப்பாக நிற்கிறது, மீசைகூட இரண்டு பக்கமும் ஒரே நீளம். என் கடையில் இப்படி ஒரு கை இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பொறாமையாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கைக்குட்டை ஓரம் பின்ன வராமல் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றவள்தானா நீ?

ஆனால் ஒன்று விளங்கவில்லை. விரலில் புண் என்கிறாய், அப்படியென்றால் கம்பெனிக்கு இன்னும் போகிறாயா? அங்கேயும் போய்விட்டு இதையும் எப்போது செய்கிறாய்? தூங்குகிறாயா இல்லையா?

கொச்சிக்காரர்களுக்கு இந்தப் பூனைதான் வேண்டுமாம், என் பெண்கள் செய்தது வேண்டாமாம். அதனால் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை இங்கே வா. ஒன்றும் பேச வேண்டாம், உன் சத்தியம் உன்னோடு இருக்கட்டும். இவர்கள் முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு பூனை பின்னிக் காட்டு, போதும். சொதி வைக்கிறேன், இஞ்சிப் பச்சடியும் வைக்கிறேன். சாப்பிடுவதற்கு வாய் திறந்தால் சத்தியத்தில் சேராது.

ஒரே வீட்டில் ஒருத்திக்கு இப்படிக் கையைக் கொடுத்த கடவுள், இன்னொருத்தனுக்கு ஒரு வேலைக்கும் வணங்காத கையைக் கொடுத்திருக்கிறார். அவர் நினைப்பது நமக்கு எங்கே புரியப் போகிறது.

அக்கா கிரேஸி

*

புன்னைக்காயல்
5 அக்டோபர் 2025

அக்காவுக்கு. நலம்.

பூனைகள் அனுப்பியிருக்கிறேன். வர இயலாது.

உன் கடிதத்தின் கடைசி வரியை அவர் படித்துவிட்டார். இனி உன் கடிதங்களை மேசை மேல் வைக்க மாட்டேன்.

ஜாய்சி

*

பாளையங்கோட்டை
4 நவம்பர் 2025

மரியே வாழ்க

ஜாய்சிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் நலம் எனக்குத் தெரியவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு நீ வரவில்லை. அம்மா கல்லறைக்கு நானே வெள்ளையடித்து, பூ வைத்து, சாமியார் மந்திரித்துவிட்டுப் போன பிறகும் நின்றேன். மெழுகுவத்தி எல்லாம் உருகி அணைந்த பிறகு உன் அத்தான் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

போன மாதம் வந்த கடிதத்தில் எனக்கு நீ எழுதியது நாலு வரி. அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டியிருக்கிறேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், ஜாய்சி. உன் குரலைக் கேட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது. திட்டுவதற்காகவாவது வாயைத் திற.

நான் அன்றைக்குச் சொன்னதில் என்ன பொய் என்று எனக்குள் இன்னும் ஒரு பிடிவாதம் இருக்கிறது, மறைக்கவில்லை. பொய்யென்றால் இது பொய், அவன் இன்ன காரணத்தால் கடலுக்குப் போகவில்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். நீ ஒன்றுமே சொல்லாமல் சத்தியம் மட்டும் செய்தாய்.

நவம்பர் 23 ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அபிஷாவுக்கு நிச்சயதார்த்தம். கல்யாணத்துக்காவது வருவாய் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். நான் சொன்னது பொய்யாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அக்கா

*

புன்னைக்காயல்
12 நவம்பர் 2025

மைனி அவர்களுக்கு பவுல்ராஜ் எழுதுவது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முழங்காலுக்கும் அண்ணாச்சியின் சர்க்கரைக்கும் செபமாலையில் வேண்டிக்கொள்கிறோம்.

ஜாய்சிக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவள் கம்பெனிக்குப் போயிருக்கிறாள்.

பூனைகளைப் பின்னியது நான். முதலில் அவள்தான் உட்கார்ந்தாள். விரலெல்லாம் புண், நூல் பட்டால் எரிகிறது என்று கையை உதறினாள். ஊசியை நான் வாங்கிப் பார்த்தேன். கிழிந்த வலையைப் பொத்திப் பழகிய கை, கொஞ்ச நாளில் பிடிபட்டுவிட்டது. கீரி செய்ததும் நான்தான். வீடியோவில் அந்தப் பெண் டபுள் என்று காட்டியதைப் போட்டேன், உங்கள் சிஸ்டரை எனக்குத் தெரியாது. ஆம்பளை பூனை பின்னுகிறான் என்று தெரிந்தால் கரையில் பேர் வைத்துவிடுவார்கள். அதனால் யாரிடமும் சொல்லாதே என்றேன். உங்களிடம் கட்டாயம் சொல்லாதே என்றேன்.

இன்னொன்றையும் சொல்லாதே என்று சொல்லியிருந்தேன். போன வருஷம் ஆடியில், ஆறு கடலில் விழும் இடத்தில் எங்கள் வள்ளம் கவிழ்ந்தது. நானும் கூட்டாளி சுஜினும் இருந்தோம். இரண்டு பேரும் நீந்திக் கரையேறினோம். உடம்பில் ஒரு கீறல் இல்லை. சுஜின் மறுவாரமே தொழிலுக்குப் போய்விட்டான். எனக்கு மட்டும் வள்ளத்தில் கால் வைத்தால் உடம்பு நடுங்குகிறது, மூச்சு முட்டுகிறது. அடிபட்டிருந்தால் காட்டலாம். இதில் எதைக் காட்டுவது? கடல்காரனுக்குப் பயந்தவன் என்ற பேரைவிடச் சோம்பேறி என்ற பேர் மேல் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அன்றைக்கு நீங்கள் அப்படிச் சொன்னபோது, உண்மை தெரியவில்லையே என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஜாய்சிக்கு அப்படி இல்லை. காரணத்தைச் சொன்னால் என்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும், சொல்லாவிட்டால் நீங்கள் சொன்னது நிற்கும். வேறு வழி தெரியாமல்தான் சத்தியம் செய்தாள்.

உங்கள் கடிதம் வந்தால் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று படிப்பாள். போன கடிதத்தைப் படித்துவிட்டுச் சாப்பிடவில்லை. என்னால் அக்கா தங்கை பிரிந்திருந்தது போதும். பூனை விஷயத்தை மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள்.

என் போன் நம்பர் கவரின் பின்னால் இருக்கிறது.

பவுல்ராஜ்

*

பாளையங்கோட்டை
17 நவம்பர் 2025

மரியே வாழ்க

தம்பி பவுல்ராஜ் அவர்களுக்கு கிரேஸி எழுதுவது. நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். "அவர்களுக்கு" என்று போடுவதற்குள் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். இனிப் பழகிவிடும்.

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்ததும் பெண்களை அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினேன். வீட்டில் என்ன முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டார்கள், தலைவலி என்றேன்.

டபுளிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தையல் சிஸ்டரிடம் படித்தவள் யாரும் அந்தக் கீரியைச் செய்யவே முடியாது. பின்னியது ஜாய்சி இல்லை என்று கீரியே சொல்லியது. நான்தான் என் புத்திசாலித்தனத்தில் மயங்கி, எது சிங்கிள் எது டபுள் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

கவிழ்ந்த வள்ளத்திலிருந்து வந்தவருக்குப் பயம் இல்லாமல் வேறு என்ன இருக்கும்? என்னைக் குளத்தில் தள்ளிவிட்டிருந்தால் அதற்குப் பிறகு நான் குளிக்கவே மாட்டேன். உங்களை நினைத்து வருத்தமாக இருக்கிறது, என்னை நினைத்து வெட்கமாக இருக்கிறது.

மன்னிப்பை இந்தத் தாளிலேயே எழுதி அனுப்பிவிடலாம். ஆனால் எழுத்து பேச்சில் சேராது என்று சட்டம் போட்டவளே நான். வாயால் சொன்னதை வாயால்தான் திருப்பி எடுக்க வேண்டும். அன்றைக்கு யார் யார் காதில் விழுந்ததோ அவர்கள் எல்லோரும் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறார்கள். பந்தி போடுவதற்கு முன்னால் உங்கள் நம்பருக்குப் போன் செய்வேன், எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடுவேன். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், எடுத்தால் போதும். வள்ளத்தைப் பற்றியோ பூனையைப் பற்றியோ மூச்சுவிட மாட்டேன். அது நீங்கள் சொல்ல வேண்டியது. நான் சொன்னது தப்பு என்பதை மட்டும் நான் சொல்லியாக வேண்டும்.

இதை ஜாய்சியிடம் கொடுங்கள். போனை அவள் எடுக்க வேண்டாம், சத்தியம் இருக்கிறது.

கிரேஸி

*

புன்னைக்காயல்
26 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு ஜாய்சி எழுதுவது. நலம் என்று எழுதுவது இந்தத் தடவை மெய்யாகவே நலம்தான். அத்தானுக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் எங்கள் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். இவர் காலையிலேயே குளித்து இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போனில் சட்டை தெரியாது என்று சொல்லியும் கேட்கவில்லை. மணி அடித்ததும் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார். "நீ எடு" என்றார். "எனக்குச் சத்தியம் இருக்குல்லா" என்றேன். "எடு, பேசாத" என்றார். அடித்து ஓய்ந்துவிடும் போலிருந்தது. எடுத்தேன்.

"பவுல்ராஜ் தம்பி இருக்காரா?" என்று கேட்டாய். நான் தலையை ஆட்டினேன். போனில் தலையை ஆட்டினால் உனக்கு எப்படித் தெரியும்? மறுபடியும் "தம்பி இருக்காரா?" என்றாய். நான் இங்கேயும் ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில்மேல் வைத்தேன், இவர் பைய வந்து பக்கத்தில் நின்றார்.

"தம்பி, போன வருசக் கல்லறைத் திருநாள்ல, இங்கன இருக்க அத்தன பேரு முன்னாலயும் உங்களச் சோம்பேறின்னு சொல்லிட்டேன். அது தப்பு. என்ன ஏதுன்னு தெரியாம பேசினேன். என்னைய மன்னிச்சிருங்க." நீ சொன்னது ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. இவர் சரி மைனி என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். இவர் என்ன சொன்னார் தெரியுமா, நீயே கேட்டாய். "விடுங்க மைனி. நீங்க சொன்னதுல என்ன பொய் இருக்கு?" என்றார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், அது உனக்குத் தெரிந்திருக்காது.

"பொய்தான்!" என்று கத்தினேன். "பொய்தான், அவ சொன்னது அத்தனையும் பொய்தான்! உங்களுக்கு என்ன கொற?" பக்கத்து வீட்டு எப்சி, என்னமோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள். கத்தி முடித்த பிறகுதான் வாயைத் திறந்துவிட்டேன் என்பதே எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் நீ "ஜாய்சி" என்றாய். அப்புறம் நீ அழுதாய், நானும் அழுதேன்.

இவருக்கு எங்கள் இரண்டு பேரையும் என்ன செய்வதென்று தெரியவில்லை. "மைனி, செவப்பு நூலு தீந்துட்டு, தொப்பிக்குப் பத்தாது" என்றார். உங்கள் கூட்டத்திலிருந்து பெரியமாமா "என்ன தொப்பி லே?" என்று கேட்டார். "பூனத் தொப்பி மாமா. கிறிஸ்மஸ் மரத்துல தொங்கவிடுத பூன. நாந்தான் பின்னுதேன்" என்றார். எல்லோரும் கேட்கிறார்கள் என்று தெரிந்துதான் சொன்னார். நீங்கள் சிரித்தீர்கள், இவரும் சிரித்தார். எப்சியின் வாய் சும்மா இருக்குமா? கரையில் இப்போது இவரைப் பூனை என்றுதான் கூப்பிடுகிறார்கள். கோபம் வரவில்லையாம். வள்ளத்தைப் பற்றி இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அவராகச் சொல்லும்வரை இருக்கட்டும்.

சத்தியம் உடைந்துவிட்டது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். அம்மா என்னைக் கோபிக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். உன்னைத்தான் கொஞ்சம் கோபிப்பாள்.

உன் நம்பருக்குப் போட்டிருந்த தடையையும் எடுத்துவிட்டேன். ஜனவரியில் கல்யாணத்துக்கு இருவரும் முதல் நாளே வந்துவிடுவோம். எனக்குச் சேலை எடுப்பாய், தெரியும். அவருக்கும் ஒரு சட்டை எடு. சட்டை அளவை இதில் எழுதவில்லை. போன் போடு, நான் சொல்கிறேன்.

உன் தங்கை
ஜாய்சி